பாட்டையில் சேர்த்த நாலு அடி

அடமானத்துக்கு வரும் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, அளந்து, எழுதிக் கொடுப்பது ஆறு வருஷம் என் பிழைப்பாக இருந்தது. திருநெல்வேலியில் ஒரு நிதி ஆபீஸ். ஊர்க்காரர்கள் மாதாமாதம் கட்டும் சந்தாவைச் சேர்த்து, நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிற இடம். நகையை உரசிப் பார்க்க ஓர் ஆசாரி இருந்தார். வீட்டை உரசிப் பார்க்க நான் இருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சைவக் குடும்பம். தாத்தாவிடம் இருந்த வயல் அப்பாவிடம் பாதியாகி, என்னிடம் வரும்போது மெட்ரிகுலேஷன் படிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. செங்கோட்டைக்கு ரயில் விட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காலை வண்டியில் ஏறி, சேரன்மாதேவியில் இறங்கி, ஓடத்தில் ஆற்றைக் கடந்து முக்கூடல் சாலையில் நடந்தால் வருகிற ஊர்களெல்லாம் என் பொறுப்பு. அதில் ஓர் ஊரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

கடன் கேட்பவர் நாலு காகிதம் கொண்டுவர வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சர்டிபிகேட், வீட்டு வரி ரசீது, இவற்றோடு அந்த ஊர் யூனியன் ஆபீசிலிருந்து, இப்போது பஞ்சாயத்து என்கிறோமே அதிலிருந்து, ஒரு கடிதம். வீடு பாட்டைப் புறம்போக்கில், அதாவது ரோட்டுக்குச் சொந்தமான இடத்தில், நிற்கவில்லை என்று அந்தக் கடிதம் சொல்ல வேண்டும். முதல் மூன்று காகிதமும் பழைய உண்மைகள். யாரும் லேசில் மாற்ற முடியாது. நாலாவது மட்டும் யூனியன் மேஸ்திரி நூலைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது. நூல் அவர் கையில் இருந்தது.

அந்த ஊரிலிருந்து அந்த முறை வந்த மனு ஒரு பெண்ணுடையது. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவர். புருஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து காலராவில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஓய்வு பெற்ற சர்ச் உபதேசியாரான தகப்பனாரோடு புருஷன் விட்டுப் போன வீட்டில் இருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் நர்சம்மா. என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம்.

நான் போனபோது கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கார்பாலிக் சோப்பின் வாசனை வாசல் வரை வந்தது. துடைத்துக்கொண்டே வந்தவர், என்னோடு ஆள் இல்லாததைப் பார்த்து, தாமே அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

"முன்பக்கம், மதிலுக்கு உள்ள, ஒரு அறை போடணும். ரெண்டு கட்டில் போடுத அளவு. ஓடு வேய்ஞ்சாப் போதும்."

"என்னத்துக்கு அம்மா?"

"போன ஐப்பசியில ஆத்தங்கரையில, வண்டியிலயே ஒரு பிள்ள பிறந்துச்சு. மழை. நான் வண்டிக்குப் பின்னால, தலைக்கு மேல சாக்கைப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். தாயும் பிள்ளையும் தப்பிச்சிட்டு. எல்லாத் தடவையும் தப்பிக்குமா?"

தகப்பனார் உள்ளேயிருந்து, "தம்பி, காப்பி குடியும்," என்றார். கருப்பட்டிக் காப்பி. எங்கள் வீட்டில் வெளியிடத்தில், அதுவும் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில், ஒரு வாய் குடித்தேன் என்று தெரிந்தால் அம்மா தலை முழுகச் சொல்வாள். குடித்தேன்.

யூனியன் கடிதத்தைக் கேட்டேன். "மேஸ்திரி பதினஞ்சு ரூவா கேக்குதாரு," என்றார் அவர். "யூனியன் சேர்மன் வீட்டுச் செலவுக்காம். மாட்டேன்னுட்டேன். காயிதத்த நேரா உங்க ஆபீசுக்கே அனுப்பிருதோம்னு சொல்லிட்டாரு."

கடிதம் அடுத்த வாரமே வந்தது. வீட்டின் முன்புறம் நாலு அடி பாட்டையில் இருக்கிறது. யூனியன் எப்போது வேண்டுமானாலும் இடிக்கும். எங்கள் நிதியின் காரியதரிசி அதை ஒரு முறை படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"மனுவைத் திருப்பி அனுப்பும் வே."

"நான் அளந்தேன் அண்ணாச்சி. பத்திரத்துல உள்ள அளவுதான் இருக்கு. ஒரு அடிகூட வெளிய வரல்ல."

"உம்ம கண்ணு பாத்தது உமக்கு. நாளைக்கு அவன் முன்சுவரை இடிச்சிட்டாம்னா சந்தா கட்டினவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நமக்கு வேண்டியது சீல்."

அவர் கெட்டவர் இல்லை. ஊரார் பணத்தைத் தன் பணத்தைவிடப் பயந்து பயந்து காத்தவர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

காகிதங்களைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அரையணாத் தபால். நான் ரயில் ஏறினேன். ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நர்சம்மா உறையை வாங்கிப் பிரிக்காமலே வைத்தார். "இங்கன வாங்க," என்று தெருக்கோடிக்கு அழைத்துப் போனார். தறி போட்ட ஒரு வீடு. தறிக்குழியில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து துண்டைக் கையில் எடுத்தார்.

"இந்த வீட்டை நீங்க அளந்திருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. மகள் கல்யாணத்துக்காக அவர் நிதியில் மனுப் போட்டிருக்கிறார். பாட்டைப் புறம்போக்கு என்று கடிதம் வந்திருக்கிறது, மனுவைத் திருப்பியிருக்கிறோம். கல்யாணம் நிற்காது அல்லவா? சேர்மனுடைய மச்சினன் அதே வீட்டின் பேரில் எங்களைப் போல மூன்று மடங்கு வட்டிக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு மட்டும் அது புறம்போக்காகப் படவில்லை. இரண்டு வருஷத்தில் வீடு கை மாறிவிட்டது. நெசவாளி இப்போது தன் சொந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்.

"ஐயா மேல தப்பில்ல," என்று அவரே என்னைச் சமாதானம் செய்தார். "நீங்க காயிதத்துல உள்ளபடி செஞ்சீங்க."

அன்று ஓடத்தில் திரும்பும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் நிதியின் பழைய கட்டுகளைப் புரட்டினேன். அந்த ஊரிலிருந்து வந்த மனுக்களில் புறம்போக்கு என்று திருப்பியவை ஏழு. ஏழிலும் என் கையெழுத்து. ரிஜிஸ்திரார் ஆபீசில் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பார்த்ததில், ஏழில் ஐந்து வீடுகள் அதே மச்சினன் பேரில் ஈடாகியிருந்தன. மேஸ்திரி நூலை நாலு அடி தள்ளிப் பிடிப்பார். நிதி கதவைச் சாத்தும். மச்சினன் கதவைத் திறப்பார். நடுவில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வந்தவன் நான்.

இதை நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "கல்லு எங்க இருக்குன்னு பாப்போம்," என்றார். நத்தத்தை சர்வே செய்தபோது நட்ட எல்லைக்கல் ஒன்று முன்பக்கம் இருக்க வேண்டும். மேஸ்திரி அப்படி ஒரு கல்லே இல்லை என்று எழுதியிருந்தார். மூவருமாகத் தேடினோம். உபதேசியார் கம்பால் குத்திக் குத்திப் பார்த்தார். நந்தியாவட்டைச் செடியின் வேருக்குள், ஒரு முழ ஆழத்தில் அது அகப்பட்டது. மதிலுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து. நர்சம்மா மண்ணைக் கையாலேயே தட்டிவிட்டு, கல்லின் தலையில் வெட்டியிருந்த அம்புக்குறியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சர்வே படத்தின் நகல் கேட்டு மனுப் போட்டோம். நகல் வர ஏழு மாதம் ஆயிற்று. என் வாழ்க்கையில் நான் திரும்பக் கேட்கக்கூடிய மாதங்கள் உண்டென்றால் அவைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். "படம் வந்திட்டா?" என்று கேட்பேன். வரவில்லை என்று எனக்கே தெரியும். நகல் என் மூலமாகத்தான் வர வேண்டும். அவரும் "வரல்ல" என்று பதில் சொல்வார். இருவருக்கும் அதில் சிரிப்பு வந்ததில்லை. உபதேசியாரின் கண்ணாடி உடைந்துபோனபோது நான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். நர்சம்மா ஒரு மூலையில் பழைய துணிகளை வெந்நீரில் அவித்துப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டால் தோல்பையை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவார். அப்படிப் போன நாட்களில் பேப்பரை விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு, கடைசி ஓடத்துக்கு நேரமானதும் எழுந்திருப்பேன். கொடியில் அந்த வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருக்கும். ரயிலில் உட்கார்ந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் என்று தோன்றும். ஏழு நாள் என்பது அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நான் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அவர் விதவை, வேதக்காரர். எனக்கு முக்கூடலில் மாமன் மகளை நிச்சயம் செய்வதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தீயை வைத்துவிட்டு நடுவில் குடித்தனம் செய்யும் தைரியம் என்னிடம் இல்லை. ஆசை மட்டும் இருந்தது.

படம் வந்தது. கல் இருக்கும் இடம், வீடு இருக்கும் இடம், ரோடு இருக்கும் இடம் எல்லாம் அச்சாக இருந்தன. ஓடிப்போய்க் காரியதரிசியின் மேஜையில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சேர்மன் நம்மகிட்ட டிபாசிட் போட்டிருக்காரு, தெரியுமா உமக்கு? நாளைக்கு ஒரே நாள்ல எடுத்தாருன்னா, அதப் பாத்து இன்னும் நாலு பேரு எடுப்பான். யூனியன் காயிதம் மாறி வரட்டும். பைய பாப்போம் வே."

யூனியன் காகிதம் எப்படி மாறி வரும்?

அதைச் சொல்லப் போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நர்சம்மா சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உபதேசியார்தான் சொன்னார். முதல் நாள் மத்தியானம் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பெண், வண்டி வாசலுக்கு வந்து நிற்கும்போதே போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டது.

"ரெண்டு நாள் முன்னாலயே கூட்டிட்டு வந்து படுக்க வைக்க ஒரு இடம் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார்.

நர்சம்மா என்னைப் பார்க்காமல் பேசினார். "சேர்மன் மச்சினன் காலையில வந்தாரு. ஸ்டாம்புக் காயிதத்தோடயே வந்தாரு. புதன்கிழமை கையெழுத்துப் போடுதேன்னு சொல்லிட்டேன்."

"வேண்டாம். வட்டி கட்டி முடியாது. வீடு போயிரும்."

"போனாப் போவுது. அறை ரெண்டு வருசமாவது நிக்கும்லா? ரெண்டு வருசத்துல எத்தன பேரு வருவாங்கன்னு எண்ணிப் பாருங்க."

நான் எண்ணவில்லை. "புதன்கிழமை வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஆபீசில் ஏழு மனுக்களின் விவரத்தையும், ஐந்து ஈட்டுப் பத்திரங்களின் நம்பரையும் ஒரே தாளில் பிரதி எடுத்தேன். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லாமல் சேரன்மாதேவியில் சப் கலெக்டர் கச்சேரிக்குப் போய் நின்றேன். துரை இளவயசுக்காரர். தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் தமிழில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவர் இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிட அது சின்னதாக இருந்தது போலப் பட்டது. தாளையும் சர்வே படத்தையும் கொடுத்தேன். துரை படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். "அந்தக் கல் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அங்கிருந்து நேராக ஓடத்துறைக்குப் போய், நர்சம்மாவிடம் சொன்னேன்: "துரை வெள்ளிக்கிழமை வாராரு. கையெழுத்துப் போடாதீங்க."

"ஆபீசுல தெரியுமா?"

"தெரியாது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க வேல போயிரும்லா?"

"போவும்."

உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

துரை சொன்னபடி வந்தார். குதிரையை வேப்பமரத்தில் கட்டச் சொல்லிவிட்டு, நந்தியாவட்டைப் பக்கம் குந்தி உட்கார்ந்து கல்லைப் பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு நூலைப் பிடிக்கச் சொன்னார். ஊரே கூடி நின்றது. நூல் மதிலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி ஓடியது. மேஸ்திரி நூலைச் சுருட்டிக்கொண்டார். "அன்னைக்கு வெயில்ல சரியாத் தெரியல்ல எசமான்," என்றார். தறிக்கார நெசவாளி சிரித்துவிட்டார். ஏழு வீட்டையும் அன்றே நூல் பிடித்துப் பார்த்தார்கள்.

மேஸ்திரிக்கு வேலை போயிற்று. சேர்மன் உடம்பு சுகமில்லை என்று விலகிக்கொண்டார். மூன்று வருஷத்தில் சுகமாகித் திரும்ப சேர்மன் ஆனார். மச்சினன் வாங்கிய வீடுகள் திரும்பி வரவில்லை. அந்தப் பத்திரங்களில் சட்டப்படி பிழை ஒன்றும் இல்லையாம். நெசவாளி கடைசி வரை வாடகைதான் கொடுத்தார். ஆனால் புதிய யூனியன் கடிதம் வந்தது. நர்சம்மாவுக்கு நிதி கடன் கொடுத்தது.

அந்தக் கடன் பத்திரத்தை எழுதியது நான் இல்லை. விசாரணை முடிந்த மறுநாளே காரியதரிசி என்னைக் கூப்பிட்டார்.

"நீரு செஞ்சது நியாயந்தான். நான் இல்லேன்னு சொல்லல்ல. ஆனா நம்மகிட்ட வந்த மனுவ வெளிய கொண்டு போயிட்டீரே வே. இனி எவன் நம்பிப் பத்திரத்தக் கொண்டு வருவான்?"

அளவு டேப்பை அவர் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

தூத்துக்குடியில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. போவதற்கு முன் விடைபெறப் போனேன். அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அவர் செங்கல்லை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல பொண்ணு பாத்திருக்காங்களாமே," என்றார்.

"ஆமா. மாமன் மகள். முக்கூடல்."

"நல்லது."

கொஞ்ச நேரம் இருவரும் வண்டிக்காரன் செங்கல் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தோம். பிறகு அவர், "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அப்பா கேப்பாரு, தம்பி வரல்லியான்னு," என்றார். "நான் என்ன சொல்லட்டும்?"

நான் சொல்ல வேண்டியது ஏதோ இருந்தது. "தூத்துக்குடி தூரம்லா," என்றேன். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. என் மனைவி நல்லவள். என்னைப் பற்றிக் குறைந்த எதிர்பார்ப்போடு வந்து, அதிகமாகவே செய்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு, முக்கூடலுக்குப் போயிருந்தாள். பிள்ளை திரும்பியிருக்கிறது, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள் என்று தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாமனார் அவளை வண்டியில் ஏற்றி ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சுற்று வட்டாரத்தில் கட்டில் போட்ட பிரசவ அறை ஒன்றே ஒன்றுதான்.

காலை பத்து மணி இருக்கும். ஓடு வேய்ந்த அறை சாலையைப் பார்த்து நின்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மனைவியின் குரலும் நர்சம்மாவின் குரலும் மாறி மாறிக் கேட்டன. உபதேசியார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது என்று அங்கே வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மாமனார் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். நான் யாருக்கு நேர்ந்துகொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. நர்சம்மாவின் நெற்றியோரம் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, மனைவி சொல்லியிருப்பாள்.

"பொட்டப் பிள்ள. ரெண்டு பேரும் சுகமா இருக்காங்க," என்றார். குழந்தையைத் துணியில் சுற்றி மாமியாரிடம் கொடுத்தார். பிறகு என்னிடம், "அறையப் பாக்க வருவீங்கன்னு நினச்சேன், வரவே இல்லியே," என்றார். "வந்தாச்சுல்லா" என்றேன்.

ஜெர்மன் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம் அவர் கடனைக் கட்டி முடித்துவிட்டார். அதன் பிறகு மிஷன்காரர்கள் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அறையைத் தம்மிடம் வேலை படித்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். தூத்துக்குடியில்தான் ஏறியிருக்கிறார். என் கிட்டங்கியிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். கப்பல் போய் ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. கொழும்புக் கப்பல் வரும் நாளெல்லாம் நான் ஜன்னல் பக்கம் வேலை வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம்.

என் மகளுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த சமயம், தான் பிறந்த கதையைக் கேட்டாள். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். வண்டியில் போனது, வலி, அறையின் வெள்ளைச் சுவர்.

"எல்லாத்தையும் மறந்தாலும் அந்த அம்மா கைய மறக்க முடியாதுட்டீ," என்றாள். "எம்புட்டுக் குளிர்ச்சி! நெத்தியில வச்சாங்கன்னா வலி பாதி போயிரும். உங்க அப்பாவுக்குக்கூட அவங்களத் தெரியும்."

மகள் என் பக்கம் திரும்பி, "அப்படியாப்பா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அந்தக் கை குளிர்ச்சியாக இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.